வெளிநாட்டுத் தத்தெடுப்பு: கொரியாவின் அனுபவத்திலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

தத்தெடுக்க நினைப்பவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள சொந்தக்காரக் குழந்தையைக் கூட்டிக்கொள்ள விரும்புபவர்கள், செய்தியில் பார்த்துவிட்டு விவரம் தேடுபவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் தென் கொரியாவைப் பற்றித்தான் பேசுகிறேன். இந்த விஷயத்தில் நல்லது கெட்டது இரண்டையும் எழுபது வருடக் கணக்கோடு பார்க்க முடிகிற நாடு அதுதான்.

தத்தெடுப்பு என்றாலே கொரியா எப்படி வந்தது?

கொரியப் போர் 1953-ல் ஓய்ந்தது. 1955-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதி எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பத்திரிகைகளில் படம் வந்தது. எங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. ஹோல்ட் தம்பதி அதையே ஒரு நிறுவனமாக நடத்தத் தொடங்கினார்கள். அதன் பிறகு இன்றுவரை கொரியாவிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடு போயிருக்கிறார்கள். பாதிக்கும் மேல் அமெரிக்காவுக்கு. மற்றவர்கள் பிரான்ஸ், ஸ்வீடன், டென்மார்க், நார்வே, நெதர்லாந்து போன்ற நாடுகளுக்கு.

போரில் பெற்றோரை இழந்த குழந்தைகள்தானே? அதில் என்ன தவறு?

போரின் குழந்தைகள் முதல் சில வருடங்களுக்கு மட்டும்தான். அதிலும் கணிசமானவர்கள் அநாதைகள் அல்லர். வெளிநாட்டுப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள். ஒரே இரத்தம், ஒரே இனம் என்று பேசிய அன்றைய அதிபர் சிங்மன் ரீயின் அரசு இந்தக் குழந்தைகளை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளவே விரும்பவில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அதிகபட்சமாகக் குழந்தைகள் அனுப்பப்பட்டது போர் முடிந்து முப்பது வருடங்களுக்குப் பிறகு. 1985-ல் மட்டும் 8,837 பேர். அந்த வருடம் கொரியாவில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல். அப்போது அது பஞ்ச நாடு அல்ல. கார், கப்பல், தொலைக்காட்சிப் பெட்டி ஏற்றுமதி செய்த நாடு. மூன்று வருடத்தில் ஒலிம்பிக் நடத்தப் போகும் நாடு. 1988-ல் சோலுக்கு வந்த வெளிநாட்டு நிருபர்கள் இதை எழுதிய பிறகுதான் ஆட்சியாளர்களுக்கு வெட்கம் வந்தது, எண்ணிக்கையும் வேகமாகக் குறைந்தது.

பிறகு யாருடைய குழந்தைகள் அவர்கள்?

எழுபதுகளில் கிராமத்தை விட்டு ஆலை வேலைக்கு வந்த ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள். எண்பதுகளில் பெரும்பாலும் திருமணமாகாத இளம் பெண்களின் குழந்தைகள். அப்பா பெயரில்தான் குடும்பப் பதிவேடு இருந்த அன்றைய கொரியாவில், தகப்பன் ஏற்காத குழந்தையோடு ஒரு பெண் வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்த் தெருக்களிலும் அந்தப் பேச்சு கேட்டதுதான். அந்தப் பெண்களுக்கு உதவித்தொகையும் குழந்தைகள் காப்பகமும் கொடுக்க அரசுக்குச் செலவாகும். குழந்தையை அனுப்பினால் செலவு மிச்சம். வெளிநாட்டிலிருந்து நிறுவனங்களுக்குப் பணமும் வரும். முழுப் பொறுப்பையும் தனியார் நிறுவனங்களிடம் விட்டுவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இதில் மிகவும் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தையை எப்படி 'அநாதை' என்று காட்ட முடிந்தது?

காகிதத்தால்தான். இதை நிதானமாகப் புரிந்துகொள்வது அவசியம். எந்த நாட்டில் தத்தெடுப்பு கெட்டுப்போனாலும் அது இந்த வழியாகத்தான் கெட்டுப்போகிறது.

அமெரிக்க விசாவுக்குக் குழந்தை ஆதரவற்றது என்று காட்ட வேண்டும். உடனே குழந்தையின் பெயரில் தனியாக ஒரு குடும்பப் பதிவு உருவாக்கப்படும். அதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அந்தக் குழந்தை மட்டுமே ஒரு குடும்பம். 'அநாதைப் பதிவு' என்றே அதற்குப் பெயர். எங்கே கண்டெடுக்கப்பட்டது என்ற இடத்தில் ஒரு காவல் நிலையமோ சந்தையோ எழுதப்படும். உண்மையில் அந்தக் குழந்தை மருத்துவமனையில் பிறந்து, தாயின் பெயர், வயது எல்லாம் நிறுவனத்தின் கோப்பில் இருந்திருக்கும். இப்படி ஒரே குழந்தைக்கு இரண்டு கதைகள். வெளிநாட்டுக்குப் போனது பொய்க் கதை.

அப்புறம், ஆள்மாறாட்டம். பயண ஏற்பாடெல்லாம் முடிந்த நிலையில் ஒரு குழந்தை இறந்துவிடும், அல்லது பெற்றவர்களே வந்து அழைத்துப் போய்விடுவார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்காமல், அதே பெயரில், அதே பாஸ்போர்ட்டில் வேறொரு குழந்தையை அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் ஐம்பது வயதில் ஊர் திரும்பி, தம் தாய் என்று நம்பிய பெண்ணோடு டிஎன்ஏ பரிசோதனை செய்து, பொருந்தவில்லை என்று தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர், பிறந்த தேதி, தேடி அலைந்த ஊர் எல்லாமே இன்னொரு குழந்தையுடையது.

காணாமல்போன குழந்தைகளும் இதில் சிக்கினார்கள். விளையாடப் போய் வழிதவறிய பிள்ளையை யாரோ காவல் நிலையத்தில் விட, அங்கிருந்து இல்லம், இல்லத்திலிருந்து தத்து நிறுவனம், சில மாதங்களில் விமானம். பெற்றோர் அதே நகரத்தில் துண்டறிக்கை ஒட்டிக்கொண்டு திரிந்திருப்பார்கள்.

தாய் கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்திருப்பார்?

பல வழக்குகளில் கையெழுத்தே இல்லை. சிலவற்றில் பாட்டியோ அத்தையோ தாய்க்குத் தெரியாமல் கொடுத்துவிட்டார்கள். குழந்தை இறந்து பிறந்தது என்று தாயிடம் சொன்னதாகவும் புகார்கள் உண்டு. கையெழுத்து இருந்தால்கூட, பிரசவித்த மறுநாள், பணமில்லாமல், பக்கத்தில் ஆளில்லாமல், 'உன்னோடு இருந்தால் இதற்கு என்ன எதிர்காலம்?' என்று கேட்கப்பட்டுப் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று என்னால் எண்ண முடியவில்லை. 2012-ல் நடைமுறைக்கு வந்த கொரியச் சட்டம், பிறந்து ஏழு நாள் ஆகும்வரை தாயிடம் சம்மதமே வாங்கக் கூடாது என்றது. பிறப்பைப் பதிவு செய்வதும் குடும்ப நீதிமன்ற அனுமதியும் கட்டாயம் ஆயின. இந்தியாவில் குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு.

இந்த 2012 சட்டத்துக்காகப் போராடியவர்களில் முக்கியமானவர்கள், தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்து, கொரியாவுக்கே திரும்பி வந்தவர்கள். மே 11 கொரியாவில் தத்தெடுப்பு நாள். 2011 முதல் அதே நாளைத் தனித்தாய்மார் நாளாகவும் அவர்கள் அனுசரிக்கத் தொடங்கினார்கள். தன்னைக் கொடுத்துவிட்ட தாயின் பக்கம் நின்று, இன்னொரு பெண்ணுக்கு இது நடக்கக் கூடாது என்று கேட்கிற மனசு எல்லோருக்கும் வராது.

நல்ல வீடு, நல்ல படிப்பு, அன்பான பெற்றோர். அப்படி வளர்ந்தவர்களுக்கு என்ன குறை?

நிறையப் பேர் நன்றாகவே இருக்கிறார்கள். சோலில் பிறந்து பிரான்சில் வளர்ந்த ஃப்ளெர் பெல்ரான் அந்நாட்டின் அமைச்சராகவே ஆனார். 2005-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வும், வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகவே பொருந்திப்போகிறார்கள் என்று சொன்னது. அதே சமயம், 2002-ல் லான்செட் இதழில் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில், இப்படி வந்தவர்களிடையே தற்கொலை ஆபத்து அந்நாட்டில் பிறந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நம்ப வேண்டாம்.

என்ன குறை என்றால், சின்னச் சின்னதாக வருகிறது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் கொரியத் தத்துப்பிள்ளைகள் மிக அதிகம். அங்கே சிற்றூர்களில் வளர்ந்த பலர், பள்ளியில் தன்னைப் போல் முகமுள்ள ஒரே ஆளாக இருந்ததைச் சொல்கிறார்கள். கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்வார்கள். வீட்டில் வந்து சொன்னால், 'நீ எங்கள் பிள்ளை, உன் நிறமெல்லாம் எங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை' என்பார்கள் வெள்ளைக்காரப் பெற்றோர். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் வெளியே எல்லோருக்கும் தெரிகிற ஒன்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்றால், பிள்ளை அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகிறது.

மருத்துவரிடம் போனால் 'குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, புற்றுநோய் உண்டா?' என்ற கேள்விக்கு எழுத எதுவும் இருக்காது. பிறந்தநாள் நிறுவனம் எழுதிய தேதியாக இருக்கும். முதல் குழந்தை பிறந்தபோதுதான் தன் இரத்த சொந்தத்தில் ஒருவரை வாழ்க்கையில் முதல்முறை பார்த்தேன் என்று சொல்பவர்கள் பலர். கொரியாவுக்குத் திரும்பிப் போனால் அங்கே இன்னொரு சங்கடம்: முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் கொரிய மொழியில் பேசுவார், இவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

'உனக்குக் கிடைத்த வாழ்க்கைக்கு நன்றியோடு இரு' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். எந்தப் பிள்ளையும், சோறு போட்டதற்காகத் தன் பெற்றோருக்கு நன்றிக்கடன் பட்டவர் போலத் தினமும் நடந்துகொள்வதில்லை.

பெற்றவளைத் தேடுவது வளர்த்தவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

இல்லை. தேடுபவர்களில் பெரும்பாலோர் வளர்ப்புப் பெற்றோர் மீது பாசம் உள்ளவர்கள்தான். அவர்கள் மனம் நோகுமோ என்று பயந்து, அவர்கள் காலம் முடிந்த பிறகு தேடத் தொடங்குகிறவர்களும் உண்டு. அதற்குள் பெற்ற தாயும் போயிருப்பார். வளர்ப்புப் பெற்றோர் முன்வந்து, 'நாங்களும் கூட வருகிறோம், தேடலாம்' என்று சொல்வதுதான் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய நிம்மதி.

தேடினால் கிடைப்பார்களா?

சிலருக்குக் கிடைக்கிறார்கள். கொரியச் சட்டப்படி, பெற்றவர் சம்மதித்தால்தான் அவரது விவரம் கொடுக்கப்படும். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் கதவு மூடிவிடும். 2020 முதல் வெளிநாடுகளில் உள்ள கொரியத் தூதரகங்களிலேயே டிஎன்ஏ மாதிரி கொடுக்கும் வசதி வந்தது; அதில் குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. மறுபக்கம் பெற்றவரும் மாதிரி கொடுத்திருக்க வேண்டும். கணவனிடமும் பிள்ளைகளிடமும் பழையதைச் சொல்லாமல் நாற்பது வருடம் வாழ்ந்த ஒரு பெண் அதை எளிதில் செய்துவிட மாட்டார்.

சந்திப்பே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் நடுவில் உட்கார, ஒரு மணி நேரம் அழுது, அதன் பிறகு எப்படித் தொடர்வது என்று தெரியாமல் நின்றுபோன உறவுகள் நிறைய.

சிலருக்குக் குடியுரிமையே இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அமெரிக்காவுக்குப் போன குழந்தைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடவில்லை. வளர்ப்புப் பெற்றோர் தனியாக விண்ணப்பித்திருக்க வேண்டும். பலர் செய்யவில்லை. 2000-ல் வந்த சட்டம் தானாகக் குடியுரிமை தந்தது, ஆனால் 2001 பிப்ரவரி 27 அன்று 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். அதற்கு முன்பே வளர்ந்துவிட்டவர்கள் விடுபட்டார்கள். கைக்குழந்தையாகவோ சிறுவயதிலோ போய், அங்கேயே வாழ்ந்து, ஏதோ ஒரு குற்ற வழக்கில் மாட்டிய பிறகு, மொழியே தெரியாத கொரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

கொரிய அரசு என்ன சொன்னது?

1998-ல் அதிபர் கிம் டே ஜுங், வெளிநாடுகளிலிருந்து வந்த தத்துப்பிள்ளைகள் சிலரை அதிபர் மாளிகைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டார். அது நல்ல வார்த்தை, விசாரணை அல்ல. 2022-ல் டென்மார்க்கில் வளர்ந்த கொரியர்கள் திரண்டு, பழைய மனித உரிமை மீறல்களை விசாரிக்கக் கொரியா அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில் மனுக் கொடுத்தார்கள். மற்ற நாடுகளிலிருந்தும் சேர்ந்து 367 மனுக்கள். 2025 மார்ச்சில் ஆணையம் முதல் கட்டமாக 56 பேர் விஷயத்தில் மனித உரிமை மீறல் நடந்தது என்று அறிவித்தது. போலிப் பதிவு, மாற்றி எழுதப்பட்ட அடையாளம், முறையாகப் பெறாத சம்மதம், வளர்ப்புப் பெற்றோரைச் சரியாகச் சோதிக்காதது எல்லாவற்றுக்கும் அரசு பொறுப்பு, அரசே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. அந்த வருடம் அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார். வெளிநாட்டுத் தத்தெடுப்பில் குழந்தைகளைப் பாதுகாக்கும் 1993-ன் ஹேக் உடன்படிக்கையும் அதே அக்டோபரில்தான் கொரியாவில் நடைமுறைக்கு வந்தது.

அப்படியானால் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவிடலாமே?

பல நாடுகள் நிறுத்திக்கொண்டிருக்கின்றன. எத்தியோப்பியா 2018-ல் தடை செய்தது. சீனா 2024-ல், சொந்தக்காரர்கள் எடுப்பதைத் தவிர மற்றதை முடித்துக்கொண்டது. வாங்கும் பக்கத்தில் நெதர்லாந்து படிப்படியாக நிறுத்த முடிவு செய்துவிட்டது. அமெரிக்காவுக்கு 2004-ல் ஏறத்தாழ 23,000 குழந்தைகள் வந்தார்கள். 2023-ல் 1,300-க்கும் குறைவு.

ஆனால் நிறுத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை. ருமேனியாவின் குழந்தைகள் இல்லங்களில் செய்த புகாரெஸ்ட் ஆய்வு, இல்லத்தில் வளர்வது மூளை வளர்ச்சியையே பாதிக்கிறது என்றும், இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்துக்குப் போன குழந்தை நன்றாக மீள்கிறது என்றும் காட்டியது. குழந்தைக்குக் குடும்பம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். ஹேக் உடன்படிக்கையின் வரிசை சரியானது: முதலில் பெற்ற குடும்பம், முடியாவிட்டால் சொந்த நாட்டில் ஒரு குடும்பம், அதுவும் கிடைக்காவிட்டால் வெளிநாடு. உடல் ஊனமோ பெரிய நோயோ உள்ள குழந்தைகளை உள்நாட்டில் யாரும் எடுக்க முன்வராதபோது, வெளிநாட்டில் ஒரு வீடு கிடைப்பதை எதிர்க்க எனக்கு மனம் வராது. அந்தக் குழந்தையின் கதை மாற்றப்படாமல் அதனோடு போக வேண்டும். என் நிபந்தனை அதுதான்.

நம் பக்கம் இப்படி நடந்ததா?

நடந்தது. 1980-களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்கு ஆயிரக்கணக்கான குழந்தைகள் போனார்கள். நீதிமன்றத்தில் தாயாக நடிக்க வேறு பெண்களைக் கூட்டிவந்த சம்பவங்கள் பின்னர் வெளிவந்தன. 2020-ல் சுவிஸ் அரசு இதற்கு வருத்தம் தெரிவித்தது. 2021-ல் நெதர்லாந்தின் விசாரணைக் குழு தன் நாட்டு அரசையே கடுமையாகக் குறை சொன்னது. அது ஆராய்ந்த ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று.

சென்னையில் 2005-ல் வெளிவந்த வழக்கில், ஏழைகள் வாழும் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக, பொய்ப் பத்திரங்களோடு, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் போனது தெரிந்தது. வளர்ப்புப் பெற்றோர் எல்லாம் சட்டப்படி நடந்தது என்றே நம்பியிருந்தார்கள். 1984-லேயே லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான விதிகள் வகுத்திருந்தது. விதி இருந்தும் காகிதத்தைத் தாண்டி யாரும் விசாரிக்கவில்லை.

நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். என் தம்பியின் குழந்தையை வீட்டளவில் பத்திரம் எழுதித் தத்தெடுத்தால் போதாதா?

போதாது. ஊரில் சடங்கு செய்து பத்திரம் பதிந்தாலும், அதை மட்டும் வைத்துக் குழந்தைக்கு விசா கிடைக்காது. இந்தியாவும் அமெரிக்காவும் ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால், நீங்கள் வாழும் நாட்டில் வீட்டாய்வு (தத்தெடுப்பவரின் குடும்பச் சூழ்நிலையை நேரில் விசாரிப்பது) முடித்து, அங்குள்ள அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாக, இந்தியாவின் மத்திய தத்து ஆதார மையமான 'காரா'வின் தடையின்மைச் சான்று பெற வேண்டும். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி ஆகியோரைச் சட்டம் உறவினர் என்று ஏற்கிறது. அவர்களுக்குத் தனி நடைமுறை உண்டு. முதலில் பத்திரம் எழுதிவிட்டுப் பிறகு வழி தேடுபவர்கள்தான் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். குழந்தை விவரம் தெரிந்த வயதில் இருந்தால் அதனிடமும் கேளுங்கள். அமெரிக்கா போவது நல்லது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டு, அதன் அம்மாவைப் பிரிவதைப் பற்றி அதனிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதும் தவறுதான்.

நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்?

இந்தக் குழந்தை எப்படி உங்களிடம் வந்தது, யார் கொண்டுவந்தார், தாய் அல்லது தந்தையோடு பேசியவர் யார், உள்நாட்டில் எத்தனை காலம் குடும்பம் தேடினீர்கள், உடன்பிறந்தவர்கள் உண்டா என்று கேளுங்கள். அசல் ஆவணங்களின் நகல் கேளுங்கள். தொகை எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்று ரசீதோடு கேளுங்கள். 'சீக்கிரம் முடித்துத் தருகிறோம்', 'பெற்றவர்கள் யாரென்றே தெரியாது, உங்களுக்குத் தொந்தரவு இருக்காது' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குழந்தையிடம் எப்போது சொல்வது?

பேசத் தொடங்கும் முன்பே சொல்லத் தொடங்கிவிடுங்கள். சொல்லப்பட்ட நாள் எதுவென்று பிள்ளைக்கு நினைவில்லாத அளவுக்கு இயல்பாக இருக்கட்டும். கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை வாயிலிருந்து தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

ஏற்கெனவே தத்தெடுத்துவிட்டோம். இப்போது காகிதத்தில் சந்தேகம் வருகிறது. என்ன செய்வது?

பயந்து மூடி வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு எடுத்தவர்களிடமிருந்து பிள்ளையை யாரும் பிடுங்கிப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. வளர்ந்த பிள்ளையின் விருப்பமும் உறவும் எந்த விசாரணையிலும் கணக்கில் வரும். கையில் இருக்கும் கடிதம், ரசீது, புகைப்படம், உறையின் மேல் உள்ள முகவரி வரை எல்லாவற்றையும் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனங்கள் மூடப்படுகின்றன, கோப்புகள் அழிகின்றன. கோப்பைக் கேட்டு எழுத்துமூலமாக இப்போதே விண்ணப்பியுங்கள். இந்தியாவிலிருந்து எடுத்திருந்தால், பிள்ளைக்கு 18 வயது ஆனதும் அவரே வேர் தேடலுக்கு, அதாவது பெற்றவர்களைத் தேடுவதற்கு, காராவிடம் விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் என்றால் நீங்கள் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்றவர் தொடர்பை விரும்பாவிட்டாலும், கொடுத்த சூழ்நிலையையும் மருத்துவ விவரத்தையும் கேட்டுப் பெற வழி உண்டு. கிடைப்பதை நீங்கள் வடிகட்டாமல் அப்படியே பிள்ளையிடம் கொடுங்கள். அதை எப்போது படிப்பது, படித்து என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.